இணைய இணைப்பு: விலையும் எல்லையும் நெறியும்

முன்னாளில் ஓரூரின் சிறப்பை எடுத்துரைப்போர் அதன் நீர்வளத்தையும் நிலவளத்தையும் கோயிலையும் கல்விக்கூடத்தையும் கூறுவர். இந்நாளிலோ ஓரூருக்குப் பெண் கொடுப்போரும் உத்தியோக மாற்றம் பெற்றுச் செல்வோரும் முதற்கண் வினவுவது, "அங்கே சிக்னல் இருக்கிறதா?" என்பதேயாம். குழாய்நீரும் மின்சாரமும் போல இணைய இணைப்பும் இல்லறத்துக்கு இன்றியமையாத பொருளாகிவிட்டது. இன்றியமையாத பொருளிலே நேரும் குறையே மக்கள் மனத்தைப் பெரிதும் வருத்துவது. ஆதலினாலேயே தேநீர்க்கடையிலும் பேருந்திலும் ஆசிரியர் அறையிலும் இணையக் கட்டணம் பற்றிய முறைப்பாடு ஓயாது ஒலிக்கின்றது.

அம்முறைப்பாடுகளைச் சற்றே ஊன்றிச் செவிமடுப்போமாயின், அவை ஒன்றல்ல, மூன்று என்பது புலனாகும். "விலை மிகுதி" என்பது ஒன்று. "எங்கள் பகுதிக்கு எட்டவில்லை" என்பது மற்றொன்று. "கேட்பாரில்லை" என்பது மூன்றாவது. மூன்றையும் ஒருங்கே குழைத்து ஏசுவதால் மனச்சுமை சிறிது குறையலாம், காரியம் நடவாது. ஒவ்வொன்றின் காரணமும் வேறு; பரிகாரமும் வேறு; நாம் தட்டவேண்டிய கதவும் வேறு. அவற்றைப் பிரித்து விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் விலைகொடுத்து வாங்கும் பொருள் யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். விளம்பரத்தில் "100 மெகாபிற் வரை" என்று கண்டவர், நொடிக்கு 100 மெகாபைற்று வந்து சேருமென எண்ணுகின்றார். எட்டுப் பிற் சேர்ந்ததே ஒரு பைற்று. ஆகவே நொடிக்கு 100 மெகாபிற் என்பது 12.5 மெகாபைற்றேயாம். அதனோடு ஒட்டிநிற்கும் "வரை" என்னும் சிறுசொல்லையும் கவனித்தல் வேண்டும். அது உச்சத்தைக் குறிக்குமேயன்றி உறுதியைக் குறியாது.

உறுதி கூற இயலாமைக்குக் காரணமும் உண்டு. நமக்குக் கிடைப்பது தனிக்குழாய் அன்று. அயலாரோடு பகிர்ந்துகொள்ளும் பொதுக்குழாய். ஒளியிழை இணைப்பிலே நிலையத்திலிருந்து வரும் ஓரிழை 32 அல்லது 64 வீடுகள் வரை பிரிக்கப்படுதல் வழக்கம். பெரிதும் கையாளப்படும் முறையில் அவ்விழை நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிற்றைக் கொண்டுவரும். 32 வீட்டாரும் ஒரே நொடியில் முழு வேகத்தை வேண்டுவாராயின், வீட்டுக்கு ஏறத்தாழ 78 மெகாபிற்றே கிட்டும். கோபுரத்து வழியாக வரும் 4ஜி இணைப்பில் இந்நெருக்கடி இன்னும் மிகும். அக்கோபுரத்தின் நிழலில் வாழ்வோர் யாவரும் ஒரே அலைவரிசையைப் பங்கிடுவதால், பிற்பகலில் விரைந்தோடிய பாடக்காட்சி இரவு எட்டு மணிக்கு நின்று நின்று ஓடுகின்றது. பழைய செப்புக்கம்பி வழியிலோ, நிலையத்திலிருந்து வீடு விலக விலக வேகம் குன்றும். ஆகவே வேகக் குறைவு என்பது எப்போதும் ஏமாற்றன்று. ஆயினும், எத்தனை பேரைச் சேர்த்தபின் ஒரு கோபுரத்தை விரிவாக்குவது என்பதை முடிவு செய்வோர் நிறுவனத்தாரே. அவ்வளவில் அவர் பொறுப்பினின்று நீங்கார்.

இனி விலையைப் பார்ப்போம். இலங்கையின் கைத்தொலைபேசித் தரவுக் கட்டணம் உலக ஒப்பீடுகளிலே மலிவானவற்றுள் வைத்து எண்ணப்படுவதாகும். அவ்வாறாயின் மக்கள் ஏன் முறையிடுகின்றனர்? ஐக்கிய நாடுகளின் அகன்ற அலைவரிசைக்கான ஆணைக்குழு, 2025 ஆம் ஆண்டளவில் அடிப்படை இணைப்பின் விலை ஒருவருக்கான மாதாந்தச் சராசரித் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு இரண்டினும் குறைதல் வேண்டும் என்று 2018 இல் இலக்கு வகுத்தது. சராசரி என்பது செல்வரையும் வறியவரையும் ஒரே தராசில் இட்டு நிறுப்பது. நாட்கூலி பெறும் தந்தைக்கு மூன்று பிள்ளைகள் உளரெனின், அவர் வாங்கவேண்டியது ஒரு பொதி அன்று.

கணக்காகவே காட்டுவோம். நொடிக்கு ஒரு மெகாபிற் வேண்டும் நேரலைப் பாடம் ஒன்று, ஒருமணி நேரத்தில் 450 மெகாபைற்றை உட்கொள்ளும். நாளொன்றுக்கு நான்கு பாடமும் மாதத்துக்கு இருபது நாளுமாயின் 36 கிகாபைற்று ஆகும். பிள்ளைகள் மூவராயின் 108. சில பொதிகளிலே தரப்படும் அளவில் ஒரு பெரும்பங்கு நள்ளிரவுக்குப் பின்னரே பயன்படும். பள்ளிப்பிள்ளைக்கு நள்ளிரவுத் தரவு யாது பயன்? பொதியின் பெயரிலுள்ள பேரெண்ணைக் கண்டு மயங்காது, பகலில் உதவும் அளவையே விலையால் வகுத்துப் பார்த்தல் வாங்குவோர் கடனாகும்.

விலையேற்றத்தில் நிறுவனத்தின் பங்கு எது, அரசிறையின் பங்கு எது என்பதையும் பிரித்தறிதல் நன்று. 2022 ஆம் ஆண்டில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தது. கருவிகளும் எரிபொருளும் வெளிநாட்டுப் பணத்தால் வாங்கப்படுவன. அவ்வாண்டு செப்ரெம்பரில் கைத்தொலைபேசி, நிலையான தொலைபேசி, இணையம் ஆகியவற்றின் கட்டணங்களை நூற்றுக்கு இருபது உயர்த்த அனுமதி வழங்கப்பட்டது. பெறுமதி சேர் வரியோ 2022 மே மாதம் வரை நூற்றுக்கு 8 ஆக இருந்து, சூனில் 12, செப்ரெம்பரில் 15, 2024 சனவரியில் 18 எனப் படிப்படியாய் ஏறியது. எடுத்துக்காட்டாக, வரிக்கு முன் 1,000 ரூபாவாயிருந்த ஒரு பொதிக்கு முன்னர் வரியோடு 1,080 ரூபா கொடுத்தவர், இவ்விரு ஏற்றங்களின் பின் 1,416 ரூபா கொடுக்க நேரும். நூற்றுக்கு ஏறத்தாழ 31 கூடியதில் ஒரு பகுதி நிறுவனத்துக்குச் சென்றது. மற்றொரு பகுதி திறைசேரிக்குச் சென்றது. வரியைக் குறைக்கும்படி நிறுவன அலுவலரிடம் முறையிட்டுப் பயனில்லை. அது பாராளுமன்றத்தின் வாயிலில் கேட்கவேண்டிய கேள்வி.

இரண்டாவது முறைப்பாடு எல்லை பற்றியது. பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021 இல், பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டினூடே மலையுச்சிக்கு ஏறிப் பாடங்கேட்ட செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அப்பிள்ளைகளுக்கு விலை ஒரு பொருட்டன்று. வாங்குதற்குப் பொருளே அங்கில்லை. கோபுரம் ஒன்றை நிறுவும் செலவு பட்டினத்திலும் மலையகத்திலும் பெரிதும் ஒன்றே. ஆனால் பட்டினத்துக் கோபுரத்தின்கீழ் ஆயிரமாயிரம் பேர் உளர், மலையகத்து லயத்தையோ வன்னிக் குடியேற்றத்தையோ சுற்றிச் சில நூறு பேரே உளர். இலாபம் நோக்கும் நிறுவனம் அங்கே தானாகச் செல்லாது. செல்வதற்கு அரசு பொதுப்பணத்தால் துணைநிற்றல் வேண்டும். இரத்தினபுரி மாவட்டத்தில் முதலில் தொடங்கப்பட்ட "கமட்ட சன்னிவேதனய" என்னும் திட்டம் இந்நோக்கினது.

வடக்கு வாசிகளாகிய நமக்கு மற்றுமொரு செய்தியும் உண்டு. இணையத்தை நம் நாட்டுக்குக் கொணரும் கடலடி வடங்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை ஆகிய மேற்கு, தெற்குக் கரைகளிலேயே கரையேறுகின்றன. யாழ்ப்பாணத்து மாணாக்கன் உலகத்து நூலகத்தைத் திறப்பதற்கு, அவனது வேண்டுகோள் முதலில் தெற்கே நெடுந்தூரம் சென்றே கடலை அடைகின்றது. இடைவழிகள் பலவாயும் உறுதியாயும் இருத்தல் நமக்கு எத்துணை வேண்டற்பாலது என்பதைப் போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காய்த் தொலைபேசியின்றி வாழ்ந்தோருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2024 இன் சட்டத் திருத்தத்துக்குப் பின் அனுமதி பெற்று, 2025 யூலையிலே சேவை தொடங்கிய ஸ்டார்லிங்க் என்னும் செய்மதி இணைப்பு கோபுரமற்ற இடத்துக்கும் எட்டும். ஆயின் அதன் கருவியையும் மாதக்கட்டணத்தையும் தனிக்குடும்பம் தாங்குதல் அரிது. கிராமப் பாடசாலைக்கோ பொதுநூலகத்துக்கோ ஒன்றாய் அமையுமாயின் அது பலருக்குப் பயன்படும்.

மூன்றாவதும் தலையாயதும் ஒழுங்குமுறையே. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தை 1996 இல் திருத்தியதன் வாயிலாக, இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தோன்றியது. கட்டணங்களை அங்கீகரித்தலும், பாவனையாளர் முறைப்பாட்டை விசாரித்தலும், வேண்டியவிடத்துப் பொதுமக்கள் கருத்தைப் பகிரங்கமாய்க் கேட்டலும் அதன் அதிகாரத்துள் அடங்கும். அதன் உறுப்பினர் ஐவர்: அமைச்சின் செயலாளர் தலைவராவார், பணிப்பாளர் நாயகம் ஒருவர், ஏனைய மூவரை அமைச்சர் நியமிப்பார். மறுபுறத்தில், நிலையான இணைப்புகளில் முதன்மை பெற்ற ஸ்ரீ லங்கா ரெலிகொம் நிறுவனத்தின் பங்குகளிற் சற்றேறக்குறையப் பாதி அரசின் கையிலுள்ளது. அதன் துணை நிறுவனமே மொபிடெல். பந்தயத்தில் ஓடும் குதிரையொன்றின் பங்காளரே நடுவரையும் நியமிக்கும் நிலை இது. நடுவர் எத்துணை நேர்மையாளராயினும் பார்ப்போர் ஐயுறுதல் இயல்பு. அயல்நாடாகிய இந்தியா 2000 ஆம் ஆண்டில் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தையும் பிணக்குத் தீர்க்கும் அதிகாரத்தையும் பிரித்து, பின்னதற்கெனத் தனி நியாயசபையை நிறுவியது ஈண்டுக் கருதத்தக்கது.

ஒழுங்குபடுத்துவோர் தொழில் எளிதன்று என்பதையும் மறத்தலாகாது. 2009 இல் ஐந்து கைத்தொலைபேசி நிறுவனங்கள் போட்டியிட்டு விலையை வீழ்த்தின. அவை நட்டமடையவே, 2010 இல் அழைப்புகளுக்குக் கீழெல்லை விலை விதிக்கப்பட்டது. அன்று விலை மேலும் இறங்காதபடி தடுக்கப்பட்டது. இன்றோ நிலைமை மாறியுள்ளது. 2018 இல் எற்றிசலற் ஹட்ச் நிறுவனத்தோடும், 2024 இல் எயார்டெல் டயலொக் நிறுவனத்தோடும் இணைந்தமையால் ஐந்து மூன்றாயின. போட்டி சுருங்கச் சுருங்க நடுவரின் விழிப்பு பெருகுதல் வேண்டும்.

ஆகவே நாம் கேட்கவேண்டுவன சிலவே. ஒவ்வொரு பிரதேசத்திலும் மாலைவேளையில் உண்மையாகக் கிடைக்கும் வேகம் அளக்கப்பட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடப்படல் வேண்டும். கட்டணம் உயர்த்துமுன் அதன் காரணத்தை மக்கள்முன் வைத்து அவர் கருத்தைக் கேட்டல் வேண்டும். விளம்பரத்திலே பகல் அளவும் இரவு அளவும் வேறுவேறாய்ப் பேரெழுத்தில் அச்சிடப்படல் வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்கு நமக்குச் சான்று வேண்டும். வேகம் குன்றிய நாளையும் நேரத்தையும் அளவையும் குறித்து வைத்து, முதலில் நிறுவனத்துக்கும், அங்கே பரிகாரம் கிடையாதவிடத்து ஆணைக்குழுவுக்கும் எழுத்து மூலம் அறிவித்தலே முறையாகும். ஒருவர் எழுதினால் அது கடிதம். ஓரூரார் ஒப்பமிட்டு எழுதினால் அது கோரிக்கை. நமது கல்லூரி மாணாக்கர் ஒரு மாதகாலம் தத்தம் ஊர்களில் வேகத்தை அளந்து பட்டியலிடுவாராயின், அது கணித வகுப்புக்கு நல்ல பயிற்சியாகும். ஊருக்கு உறுதியான சான்றுமாகும். சட்டத்துறையிலும் பொறியியற்றுறையிலும் அரசாங்க சேவையிலும் விளங்கும் பழைய மாணவர் அப்பட்டியலை உரியவிடத்திற் சேர்ப்பிப்பாராயின், தாம் பயின்ற கல்விக்கூடத்துக்கு அவர் அளிக்கும் விழாக்காலக் காணிக்கைகளுள் அதுவும் ஒன்றாய் நிலைபெறும்.