கணுக்காலைக் கடிப்பது எந்தக் கொசு?

கோடை மாலைகளில் சிட்லபாக்கம் ஏரிக்கரையிலோ செம்பாக்கம் பக்கத்திலோ நடைப்பயிற்சிக்குப் போனால், நடந்துகொண்டிருப்பவர்கள் திடீரென்று நின்று கணுக்காலைச் சொறிவதைப் பார்க்கலாம். "எல்லாம் இந்த ஏரியாலதான்" என்ற பேச்சும் கூடவே வரும். பெரும்பாலும் இது ஏரியின் மேல் விழும் வீண்பழி.

வெளிச்சம் இருக்கும்போதே வந்து, முழங்காலுக்குக் கீழே, ரீங்காரம் அதிகம் கேட்காமல் கடித்துவிட்டுப் போவது ஏடிஸ் எஜிப்டி. கறுத்த உடல், கால்களில் வெள்ளை வளையங்கள். டெங்கு கொசு என்றால் எல்லோருக்கும் தெரியும். சூரியன் உதித்த பிறகு சில மணி நேரமும் மறைவதற்கு முன் சில மணி நேரமும் அது மும்முரமாகக் கடிக்கும். நாம் நடக்கக் கிளம்பும் வேளையும் அதுதான். இந்தக் கொசு ஏரியில் முட்டையிடுவதில்லை. மூடாத டிரம், பூந்தொட்டியின் அடித்தட்டு, ஃப்ரிட்ஜின் பின்னால் நீர் சொட்டும் தட்டு, பழைய டயர், கொட்டாங்கச்சி ஆகியவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் நூறு இருநூறு மீட்டருக்கு மேல் அது பறப்பதும் இல்லை. கரையில் உங்களைக் கடித்தது, அடுத்த தெருவில் ஏதோ ஒரு வீட்டு டிரம்மில் வளர்ந்த கொசுவாகத்தான் இருக்கும்.

மழைக்காலத்தில்தான் கொசு என்று நினைக்கிறோம். தாம்பரத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் ஏப்ரல், மே மாதங்கள்தான் லாரித் தண்ணீர் வாங்கி டிரம் டிரம்மாகப் பிடித்து வைக்கும் மாதங்கள். ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டவைக்கிறது. டிரம் காலியாகி வெயிலில் காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரியும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால், வாரம் ஒருமுறை தேய்ப்பது கணக்குக்குச் சரியாக வரும். 1964-இல் சென்னையில் லட்சக்கணக்கானோரைப் படுக்கையில் தள்ளிய சிக்குன்குனியாவைப் பரப்பியதும் இதே கொசுதான்.

இருட்டிய பிறகு காதருகே ரீங்காரமிட்டு வருவது வேறு இனம், கியூலெக்ஸ். சாக்கடையும் கழிவுநீர் தேங்கிய கால்வாயும் அதன் பிறப்பிடம். யானைக்கால் நோயைப் பரப்புவது இதுதான் என்றாலும், அந்த நோயின் புழுக்குஞ்சுகள் செய்யும் காரியம்தான் எனக்குத் தீராத வியப்பு. பகலெல்லாம் அவை நம் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடக்கும். இரவு பத்து மணி வாக்கில், கியூலெக்ஸ் கடிக்கும் நேரத்தில், தோலுக்கு அருகே ஓடும் இரத்தத்துக்கு வந்து சேரும். யானைக்கால் நோய்க்கான இரத்தப் பரிசோதனையை இரவில் செய்வது இதனால்தான்.

ஏரிக்குச் சாக்கடையைத் திருப்பிவிட்டால் அங்கும் கியூலெக்ஸ் பெருகும். ஆகாயத்தாமரை மண்டினால் மான்சோனியா வரும். அதன் புழுக்கள் அந்தச் செடியின் வேரைத் துளைத்து அங்கிருந்தே காற்றை உறிஞ்சிக்கொள்பவை. மீனும் தட்டாரப்பூச்சியின் குஞ்சுகளும் வாழும் நல்ல நீரில் கொசுப்புழு அதிகம் தப்பாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சார் தகுதி கிடைத்தது. அதையும் நம் ஏரிகளையும் கழிவுநீரிலிருந்து காப்பது கொசு ஒழிப்பின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

அந்தி வேளையில் தலைக்கு மேல் தூண்போல் சுழலும் பூச்சிக் கூட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் கைரோனாமிட் என்னும் கடிக்காத பூச்சிகள். கொளத்தூரில் வண்ணமீன்களுக்குத் தீனியாக விற்கும் சிவந்த ரத்தப்புழு இவற்றின் குஞ்சுதான்.

சரி, கடியிலிருந்து தப்புவது எப்படி? இரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டுமே, முட்டை வளர்க்க. நாம் விடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, வியர்வையின் வாடை, உடல் சூடு, அடர்ந்த நிற உடை ஆகியவற்றைப் பின்தொடர்ந்து அது வருகிறது. மொட்டை மாடியில் உட்காரும்போது ஒரு டேபிள் ஃபேனைக் காலை நோக்கி வைத்தால், மெல்லப் பறக்கும் கொசுவால் காற்றை எதிர்த்து வர முடியாது. நம் மூச்சின் தடமும் கலைந்துபோகும். வெளியே நடக்க வெளிர்நிறத் தொளதொள பேன்ட்டும் சாக்ஸும் போதும். இறுக்கமான லெக்கிங்ஸின் மேலேயே அது கடித்துவிடும்.

பூசும் மருந்துகளில் டீட் பழையது. 1946-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்து, 1957-இல் பொதுமக்களுக்குக் கிடைத்தது. நம் குவாலியர் பாதுகாப்பு ஆய்வகத்தில் உருவான டெபாவும் உண்டு. சன்ஸ்க்ரீன் போடுகிறவர்கள் அதை முதலில் பூசிவிட்டு இதை மேலே பூச வேண்டும். நம் ஊர் வியர்வையில் சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால், டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளியைப் பார்த்து மறுபடி பூசிக்கொள்ளலாம். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது.

நன்மங்கலம் காப்புக்காடு போன்ற புதர்ப் பகுதிகளில் நடப்பவர்களுக்கு இன்னொன்று. புல்லில் வெறுமனே உட்காராதீர்கள். அங்கே ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு, ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைத் தரக்கூடியது. ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்து, அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ வலியில்லாத கறுத்த பொருக்கு தென்பட்டால், அதை மருத்துவரிடம் தவறாமல் காட்டுங்கள். சீக்கிரம் தெரிந்துவிட்டால் டாக்சிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.