திருமலை அடிவாரத்துக் கதைக்காரர்கள்

நம் சங்கக் குடும்பங்களில் திருமலைக்குப் போய் வராதவர்கள் மிகக் குறைவு. ஊருக்குப் போகும் விடுமுறையில் இரண்டு நாளாவது அதற்கென்று ஒதுக்கி விடுகிறோம். குழந்தைக்கு முடியிறக்க வேண்டும், அல்லது பெரியவர்களின் வேண்டுதல் ஒன்று பாக்கி இருக்கும். தரிசனம் ஆயிற்று, லட்டு வாங்கியாயிற்று என்றதும் கீழே இறங்கி, சென்னைக்கோ வேலூருக்கோ பஸ் ஏறி விடுகிறோம். அந்த மலையின் அடிவாரத்தில் வாழும் மக்கள் என்ன பேசுகிறார்கள், என்ன எழுதுகிறார்கள் என்று விசாரித்தவர் நம்மில் எத்தனை பேர்?

விசாரித்தால் நமக்கு நல்ல லாபம் உண்டு. திருப்பதியையும் சித்தூரையும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து அருமையான கதைகள் வந்திருக்கின்றன. அவை தெலுங்கில் எழுதப்பட்டவை. அந்த எழுத்தாளர்களின் பெயர்களைத் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்தக் கதைகளில் வரும் வயல், ஏரிக்கரை, மாமியார், கடன், பஞ்சம் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. சித்தூர் மாவட்டம் 1911-ல் உருவாக்கப்பட்டபோது, அதன் ஒரு பகுதி வட ஆர்க்காட்டிலிருந்து எடுக்கப்பட்டது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை அது சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. எல்லைக்காக ம.பொ.சி. நடத்திய போராட்டத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இப்படி மாறி மாறி விழுந்தாலும், சந்தையிலும் சம்பந்தி வீட்டிலும் இரண்டு மொழிகளும் கலந்தே புழங்கின. திருமலைக் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழில் இருப்பதும், அப்பாவை 'நைனா' என்று அழைக்கும் குரலைச் சென்னைத் தெருக்களில் நாம் கேட்பதும் இந்த உறவின் அடையாளங்களே.

இந்தச் சீமையின் மூத்த கதைக்காரர் மதுராந்தகம் ராஜாராம். கிராமத்துப் பள்ளிக்கூட ஆசிரியர். சித்தூர் பக்கத்து உழவர்களையும் நடுத்தரக் குடும்பங்களையும் பற்றி நூற்றுக்கணக்கான சிறுகதைகள் எழுதினார். தமிழிலிருந்தும் தெலுங்குக்கு மொழிபெயர்த்தவர். அவருடைய பேர்பெற்ற கதை ஒன்றின் தலைப்பு, 'உழவர்களே, நலமா?' என்று பொருள்படும். 1993-ல் அவருடைய கதைத் தொகுதிக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1999-ல் அவர் காலமானார். ஒரு பட்டணத்துப் பத்திரிகையிலும் உத்தியோகம் பார்க்காமல், ஊரோடு இருந்து எழுதியே ஒருவர் இந்த இடத்தை அடைய முடிந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அவருடைய மகன் மதுராந்தகம் நரேந்திரா, திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். வகுப்பில் ஆங்கிலம் நடத்தினாலும் கதை எழுதத் தெலுங்கையே கைக்கொண்டார். இசையும் ஆடலுமே வாழ்வாக இருந்த தேவதாசிக் குடும்பத்தாரைப் பற்றிய அவருடைய 'மனோதர்மபராகம்' என்னும் நாவல் 2022-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே மொழியில் அகாதெமி விருது கிடைப்பது அபூர்வமான செய்தி. தமிழ்ப் பத்திரிகைகள் இதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

மூன்றாமவர் நாமினி சுப்ரமணியம் நாயுடு. திருப்பதிக்கு அருகிலுள்ள மிட்டூர் என்னும் சிற்றூர்க்காரர். அந்த ஊரின் பெயராலேயே 'மிட்டூரோடி கதலு' என்று எழுதினார். 'மிட்டூர்க்காரன் கதைகள்' என்று நாம் சொல்லலாம். 'பச்சநாகு சாக்ஷிகா', 'சினப்ப கதலு', 'முனிகன்னடி சேத்யம்' ஆகியவை அவருடைய மற்ற நூல்கள். முனிகன்னன், முனியம்மா போன்ற பெயர்கள் எல்லைக்கு இப்பாலும் வீட்டுக்கு வீடு உண்டு. நாமினியின் தனிச்சிறப்பு மொழி. பாடப்புத்தகத் தெலுங்கை ஒதுக்கிவிட்டு, தம் தாயும் அண்டை வீட்டாரும் பேசிய பேச்சை அப்படியே அச்சில் ஏற்றினார். படித்தவர்கள் 'கொச்சை' என்று முகம் சுளிக்கக்கூடிய பேச்சு அது. அதையே ஆயிரக்கணக்கானோர் விரும்பிப் படித்தார்கள்.

நமக்கு இது புதிதன்று. கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தில் 1923-ல் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் காட்டுத் தமிழை இலக்கியமாக்கினார். ஆந்திரத்திலிருந்து தெற்கே வந்து குடியேறியவர்களின் கதைதான் அவருடைய 'கோபல்ல கிராமம்'. அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-ல் அகாதெமி விருது பெற்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ் கேட்டு வளர்ந்த தெலுங்கு எழுத்தாளர், இந்தப் பக்கம் தெலுங்கு பேசி வளர்ந்த தமிழ் எழுத்தாளர்! இரண்டு மொழி புழங்கும் வீட்டில் பிறந்ததை ஒரு குறையாக எண்ணாமல், அதையே தங்கள் முதலாக்கிக் கொண்டவர்கள் இவர்கள்.

சரி, பெயர் தெரியாத எழுத்தாளர் எப்படிப் பெயர் தெரிந்தவராகிறார்? எழுதியவரின் திறமை மட்டும் போதாது. யாரோ ஒருவர் தேடிப் படித்து, எடுத்து வைக்க வேண்டும். தெலுங்கில் அந்த வேலையைச் சிலர் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். 'கதா சாகிதி' என்ற அமைப்பு 1990 முதல், ஒவ்வோர் ஆண்டிலும் வெளியான கதைகளில் சிறந்தவற்றைத் தேர்ந்து தொகுதியாக வெளியிடத் தொடங்கியது. காளீபட்டணம் ராமாராவ் என்ற கதாசிரியர், தமக்குக் கிடைத்த விருதுப் பணத்தைக் கொண்டு 1997-ல் ஸ்ரீகாகுளத்தில் 'கதாநிலயம்' என்ற நூலகத்தையே ஏற்படுத்தினார். அச்சில் வந்த தெலுங்குக் கதை ஒவ்வொன்றும் அங்கே இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பழைய வாரப் பத்திரிகையில் ஒரே ஒரு கதை எழுதிவிட்டு மறைந்தவருக்கும் அங்கே ஓரிடம் உண்டு.

தமிழிலும் இதற்கு முன்னோடி இருக்கிறது. சென்னையில் 1970-ல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு, பத்திரிகைகளில் வரும் கதைகளிலிருந்து மாதம் ஒன்றைத் தேர்ந்து, ஆண்டுதோறும் தொகுத்து நூலாக்கியது. இன்று நமக்குப் பழக்கமான பல எழுத்தாளர்கள் அந்த மாதத் தேர்வில் முதலில் கண்ணில் பட்டவர்களே. 2011 முதல் சாகித்திய அகாதெமி 35 வயதுக்கு உட்பட்டோருக்கு யுவ புரஸ்கார் வழங்குகிறது. 2012-ல் அதைப் பெற்ற மலர்வதியின் 'தூப்புக்காரி', குமரி மாவட்டத்துத் துப்புரவுப் பெண்ணின் வாழ்வைச் சொல்வது. 2021-ல் பரிசு பெற்ற கார்த்திக் பாலசுப்ரமணியனின் 'நட்சத்திரவாசிகள்', கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்போரின் கதை. நம்மில் பலர் வீட்டுக் கதை என்றே சொல்லலாம். 2023-ல் பரிசு பெற்றது, நாகர்கோவில்காரரான ராம் தங்கத்தின் 'திருக்கார்த்தியல்' என்னும் சிறுகதைத் தொகுதி.

தெலுங்கிலிருந்து தமிழுக்கு வரும் பாதையும் திறந்தே இருக்கிறது. சீதையின் பார்வையில் இராமாயணப் பெண்களைக் காணும் வோல்காவின் 'விமுக்தா'வை, கௌரி கிருபானந்தன் 'மீட்சி' என்று தமிழாக்கி, 2015-ம் ஆண்டுக்கான மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். இதே பாதையில் சித்தூர்க் கதைகளும் நிறைய வர வேண்டும். வாசகர் கேட்டால்தான் பதிப்பாளர் போடுவார்.

இதெல்லாம் ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் பிள்ளைகளைப் பாருங்கள். வீட்டில் தமிழ் புரிகிறது. பதில் வேறு மொழியில் வருகிறது. தமிழ் எழுத்தைக் கண்டால் தயங்குகிறார்கள். அவர்கள் பேசும் கலப்புத் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறோம், திருத்துகிறோம். பலமுறை திருத்தப்பட்ட பிள்ளை கடைசியில் வாயைத் திறப்பதையே விட்டுவிடும். அப்படி ஒரு தலைமுறை மௌனமாகிவிட்டால், பாட்டியின் பேச்சும் அந்த வீட்டோடு முடிந்துவிடும். மிட்டூரின் பேச்சு அச்சேறியதால் நிலைத்தது. நம் வீட்டுப் பேச்சை யார் அச்சேற்றப் போகிறார்கள்?

ஆகவே அன்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பெயர் கேள்விப்படாத ஓர் எழுத்தாளரின் புத்தகத்தையாவது வாங்கி வாருங்கள். ஊறுகாய்ப் பாட்டில் பிடிக்கும் இடத்தில் இரண்டு புத்தகம் வைக்கலாம்! படித்ததும் சங்க நூலகத்துக்குக் கொடுங்கள். மாதம் ஒரு கதையைக் குடும்பமாகக் கூடி உரக்கப் படிக்கலாம். எழுத்துத் தெரியாத பிள்ளைகளும் காதால் கேட்கட்டும். பாட்டி சொல்லும் ஊர்க்கதையைப் பேரப்பிள்ளை தனக்கு வந்த தமிழில் எழுதித் தரட்டும். பிழைகளை ஆசிரியர் குழு பார்த்துக்கொள்ளும். நடையை மட்டும் பெற்றோர் மாற்றி எழுதிவிட வேண்டாம்.

திருமலைக்குப் போகிறவர்கள், தரிசனம் முடிந்ததும் கீழ்த்திருப்பதியில் ஒரு புத்தகக் கடையில் பத்து நிமிடம் செலவிட்டு வாருங்கள். தெலுங்கு படிக்கத் தெரியாவிட்டால், தெரிந்த அண்டை வீட்டாரிடம் கொடுத்து ஒரு கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். லட்டைப் போலவே நாலு வீட்டுக்குப் பகிர்ந்து கொடுக்கக்கூடிய பிரசாதம்தான் அதுவும்.