கல்யாணம் அவசியந்தானா?

"கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார்" என்பார்கள் பெரியவர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளில் சிலர், "முதலாவது வேண்டாம், இரண்டாவது வாடகைக்குக் கிடைத்தால் போதும்" என்கிறார்கள்!

"இருவருக்கும் மனம் ஒத்துப் போயிற்று, இருவருக்கும் சம்பாத்தியம் இருக்கிறது, ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறோம். நடுவே புரோகிதர் எதற்கு, பந்தல் எதற்கு, லட்ச லட்சமாய்ச் செலவு எதற்கு?" என்று கேட்கிறார்கள். பாட்டிமார்கள் காதைப் பொத்திக்கொள்ளக்கூடும். நாம் அப்படிச் செய்ய வேண்டாம். கேள்வி நியாயமானதுதான். நிதானமாகப் பதில் தேடுவோம்.

குற்றமா?

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். வயது வந்த ஆணும் பெண்ணும் தாலியின்றிச் சேர்ந்து வாழ்வது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம் அல்ல. திருமணத்துக்கு முந்திய உறவு பற்றி நடிகை குஷ்பு 2005-ல் சொன்ன ஓர் அபிப்பிராயத்துக்காக, ஊர் ஊராக அவர் மேல் வழக்குப் போட்டார்களே, நினைவிருக்கிறதா? அந்த வழக்குகளை 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தபோது இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. (உத்தராகண்டில் மட்டும், 2025 ஜனவரி 27-ல் அமலுக்கு வந்த சட்டப்படி, இப்படி வாழ்கிறவர்களும் சர்க்காரிடம் பதிவு செய்தாக வேண்டும்.)

குற்றமில்லை என்பது மட்டுமல்ல. கொஞ்சம் பாதுகாப்பும் உண்டு. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனைவியோடு நிற்காமல், 'திருமணம் போன்ற உறவில்' வாழும் பெண்ணையும் சேர்த்துக்கொள்கிறது. அடி உதையிலிருந்து பாதுகாப்பு, குடியிருந்த வீட்டை விட்டுத் துரத்தாமல் இருக்க உத்தரவு, செலவுக்குப் பணம் எல்லாம் அவளும் கேட்கலாம்.

"அப்படியானால் சரிதானே?" என்று எழுந்துவிடாதீர்கள். இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

நிரூபிப்பது யார்?

'திருமணம் போன்ற உறவு' என்றால் என்ன? 2010 அக்டோபரில், கோயமுத்தூரிலிருந்து சென்ற ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு நாலு நிபந்தனைகள் சொன்னது. ஊரார் முன் கணவன் மனைவி போலவே இருவரும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். இருவருக்கும் கல்யாண வயது ஆகியிருக்க வேண்டும். இருவரும் சட்டப்படி மணந்துகொள்ளக் கூடியவர்களாக, அதாவது வேறு துணை இல்லாதவர்களாக இருக்க வேண்டும். விரும்பிச் சேர்ந்து கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும். வேறொரு மனைவி உயிரோடு இருக்கும் மனிதரை நம்பிப் போனவளுக்கு இந்தக் குடை விரிவதில்லை. 2013-ல் வந்த இன்னொரு தீர்ப்பிலும் இதே கதிதான்.

இதையெல்லாம் நிரூபிக்க வேண்டியவள் யார்? அந்தப் பெண்தான்! விவாகமானவள் ஒரு சர்டிபிகேட்டை எடுத்து நீட்டிவிடலாம். மற்றவளோ வாடகை ஒப்பந்தம், காஸ் ரசீது, புகைப்படம், பக்கத்து வீட்டு மாமியின் சாட்சியம் என்று தேடி அலைய வேண்டும். அதுவும் எப்போது? மனசு உடைந்து கிடக்கும் சமயத்தில்!

நல்ல மனிதராக இருந்தால்?

"எங்கள் வீட்டுக்காரர் தங்கமானவர், கைவிட மாட்டார்" என்கிறீர்களா? இருக்கட்டும். தங்கமானவருக்கும் ஒரு நாள் மாரடைப்பு வரலாம் அல்லவா?

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் தவணையை அவன் கட்டினான். மளிகை, பால், கரண்ட், பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டாள். பத்திரம் அவன் பெயரில். உயில் எழுதாமல் கண்ணை மூடிவிட்டான். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி உண்டு, குழந்தைகள் உண்டு, தாயார் உண்டு. 'கூட வாழ்ந்தவள்' என்ற வார்த்தை அங்கே கிடையாது. குடும்பப் பென்ஷன் விதிகள் கேட்பதும் சட்டப்படியான மனைவியைத்தான். பன்னிரண்டு வருஷம் அவள் வாங்கிப் போட்ட அரிசிக்கும் பருப்புக்கும் எந்தப் பத்திரத்திலும் கணக்கில்லை!

கோர்ட்டுகள் இரக்கமில்லாதவை அல்ல. சுமார் 50 வருஷம் கணவன் மனைவியாக வாழ்ந்த ஒரு ஜோடிக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று ஒருவர் கிளப்பிய வழக்கை 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு நிராகரித்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு நேரில் பார்த்த சாட்சி கொண்டுவா என்றால் எத்தனை பேரால் முடியும் என்றும் கேட்டது. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தால் அது விவாகம் என்றே அனுமானிக்க வேண்டும் என்பதை 2022-லும் வலியுறுத்தி, அப்படிப்பட்ட தம்பதியின் மகனுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்றது. ஆனால் அந்த அனுமானத்தைப் பெறவும் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்ததே! எதிர்த் தரப்பு வேறு ருசுக் காட்டினால் அனுமானம் உடைந்தும் போகலாம்.

நம் ஊர்ப் பாடம்

சடங்கு வேண்டாம் என்பதைத் தமிழ்நாட்டுக்கு இன்றைய பிள்ளைகள் கற்றுத் தர வேண்டியதில்லை. சுயமரியாதைக்காரர்கள் புரோகிதரும் ஹோமமும் இல்லாமல், மாலை மாற்றிக் கொண்டு கௌரவமாகக் குடும்பம் நடத்தினார்கள். ஆனால் 1950-களில் சென்னை ஹைகோர்ட், உரிய சடங்கு இல்லாததால் அது சட்டப்படி விவாகமே ஆகாது என்று தீர்ப்பளித்தது. எத்தனை மனைவிமார்களின், எத்தனை குழந்தைகளின் உரிமை அந்தரத்தில் தொங்கியது!

அப்போது அவர்கள், "சட்டம் கிடக்கிறது, எங்களுக்கு அன்பு போதும்" என்று இருந்துவிடவில்லை. 1967-ல் அண்ணாதுரை ஆட்சியில் சட்டத் திருத்தமே கொண்டு வந்தார்கள். உறவினரோ நண்பரோ முன்னிலையில், இன்னாரை ஏற்கிறேன் என்று புரிகிற மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். முன்பு நடந்த அத்தகைய விவாகங்களும் செல்லும் என்று ஆயிற்று. சடங்கை உதறியவர்களே சாசனத்தை உதறவில்லை, பார்த்தீர்களா?

2023-ல் இதற்கு இன்னும் வழி திறந்தது. வக்கீல் ஒருவர் நண்பர் என்ற முறையில் முன்னிருந்தும் இந்த விவாகத்தை நடத்தி வைக்கலாம், ஊரறிய நடக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. வீட்டாரின் கோபத்துக்கு அஞ்சும் ஜோடிகளுக்கு இது பெரிய ஆறுதல். வேறு மதத்தவரை மணப்பவர்களுக்கு 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டம் இருக்கிறது. 30 நாள் நோட்டீஸும் மூன்று சாட்சிகளும் வேண்டும். எந்த முறையில் மணந்தாலும், தமிழ்நாட்டின் 2009-ம் வருஷத்துச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும்.

"இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம்" என்பவர்களும் உண்டு. கசப்பான முதல் விவாகத்தைக் கண்டவர்கள், வயதான காலத்தில் துணை தேடியவர்கள், இவர்களைக் குறை சொல்ல நாம் யார்? அவர்களுக்கு ஒரு வார்த்தை: இருவரும் உயில் எழுதுங்கள். வீடு வாங்கினால் இருவர் பெயரிலும் வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாங்கியில் 'நாமினி' என்று எழுதியதோடு திருப்திப்படாதீர்கள். நாமினி பெரும்பாலும் பணத்தை வாங்கிக்கொள்பவரே தவிர சொந்தக்காரர் அல்ல.

விவாகப் பதிவு அன்பை உண்டாக்காது, வாஸ்தவம். பதிவு செய்துகொண்டு அடித்துக்கொள்கிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஆனால் அன்பு இருந்த இடத்தில் மரணமோ மனக்கசப்போ வந்து நிற்கும்போது, 'நீ யார்?' என்ற கேள்விக்கு ஒரு காகிதம் பதில் சொல்லும்.

ஆகவே, தாய்மார்களே! பந்தல் வேண்டாம் என்று மகள் சொன்னால், "சரி" என்று சொல்லுங்கள், செலவு மிச்சம். மேளம் வேண்டாம் என்றால் அதற்கும் "சரி" என்று சொல்லுங்கள். கையெழுத்தும் வேண்டாம் என்றால் மட்டும் கோபிக்காமல், கதவைச் சாத்தாமல், இந்தப் பக்கத்தை மடித்து அவள் கைப்பைக்குள் வைத்துவிடுங்கள்!