டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள்

பெங்களூரு வைட்ஃபீல்டில் ஹோப் ஃபார்ம் சந்திப்பிலிருந்து வர்த்தூர் வரை எந்தப் பெரிய குடியிருப்பில் வார இறுதிச் சந்தை போட்டாலும் அந்த மேசை இருக்கும். சணல் விரிப்பு, கண்ணாடி டப்பாக்கள், கையெழுத்தைப் போலவே அச்சடித்த லேபிள். ‘கெமிக்கல் இல்லை, பாரபென் இல்லை, பிரிசர்வேட்டிவ் இல்லை.’ கற்றாழை க்ரீம், பன்னீர் டோனர், குழந்தைக்குப் பாதாம்பால் லோஷன். கெடாதா என்று கேட்டால் பதில் தயாராக வருகிறது: “டீ ட்ரீ ஆயில் போட்டிருக்கோம் மேடம், கிருமியெல்லாம் அதுவே பார்த்துக்கும்.”

சில வாரம் கழித்து முகத்தில் சீழ்க்கொப்புளமோ, கண்ணோரம் தடிப்போ வருகிறது. அப்போது நம் ஜனங்கள் செய்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. முதல் வேலையாக டப்பாவைக் குப்பையில் போடுகிறார்கள். அடுத்து குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி கோபமாக எழுதுகிறார்கள். விற்றவர் பணத்தைத் திருப்பி அனுப்பியதும் எழுதியதை அழித்துவிடுகிறார்கள். அடுத்த சந்தையில் அதே மேசை, அதே டப்பா, வாங்குவது வேறொருவர். புகார் கொடுக்கலாமே என்றால், “இதுக்கெல்லாமா? யார்கிட்ட கொடுக்கறது?” என்கிறார்கள். யாரிடம் கொடுப்பது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் அந்த டீ ட்ரீ ஆயில் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

தாவர எண்ணெய்கள் கிருமியைக் கொல்லுமா? கொல்லும், அதில் பொய் இல்லை. டீ ட்ரீ ஆயிலில் டெர்பினென்-4-ஆல், கிராம்பில் யூஜெனால், ஓமத்தில் தைமால், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால் இருக்கின்றன. ஆய்வகத் தட்டில் இவை பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அடக்குவது பலமுறை நிரூபணமானது. ஆனால் க்ரீம் ஆய்வகத் தட்டு அல்ல. க்ரீம் என்றால் தண்ணீரும் எண்ணெயும் கலந்த குழம்பு. கிருமி வளர்வது தண்ணீர்ப் பகுதியில். வாசனை எண்ணெயோ பெரும்பாலும் எண்ணெய்ப் பகுதிக்குள் போய் ஒதுங்கிக்கொள்கிறது. எதிரி ஒரு அறையில், காவலாளி இன்னொரு அறையில்.

அளவிலும் சிக்கல் உண்டு. பல பாக்டீரியாக்களை அடக்க டீ ட்ரீ ஆயில் ஒரு சதவீதத்துக்குள் போதும். தண்ணீர் கலந்த அழகுப் பொருள்களில் அடிக்கடி குடியேறும் சூடோமோனாஸுக்கு எட்டு சதவீதம் வரைகூடத் தேவைப்படலாம். முகப்பரு ஜெல்லிலேயே ஐந்து சதவீதம்தான் போட்டுச் சோதித்திருக்கிறார்கள். சந்தை க்ரீமில் விழுவது சில சொட்டு. அது வாசனைக்குக் காணும், காவலுக்குக் காணாது. சரி, நிறையவே போடுவோம் என்றால் தோல் தாங்காது. காற்றுபட்டுப் பழசான டீ ட்ரீ ஆயிலும், லிமொனீன், லினலூல் போன்ற வாசனைப் பொருள்களும் தெரிந்த ஒவ்வாமைக்காரர்கள். இத்தகைய வாசனைப் பொருள்களின் பட்டியலில் உள்ள எதுவும் கழுவாமல் தோலில் விடும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் அதன் பெயரை லேபிளில் போட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். நம்மூரில் ‘இயற்கை’ என்ற சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இன்னும் இரண்டு தப்பெண்ணங்கள். ‘வைட்டமின் ஈ சேர்த்திருக்கிறோம், அதனால் கெடாது’ என்பது ஒன்று. வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குப்பிடிக்காமல் காக்கும். பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. ‘கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு போட்டிருக்கிறோம்’ என்பது மற்றொன்று. 1999-இல் ஜெர்மனியில் கடையில் விற்ற ஆறு விதைச் சாறுகளைச் சோதித்தார்கள். கிருமியைக் கொன்ற ஐந்திலும் பென்ஸெத்தோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி இருந்தது. அது இல்லாத சாறு கிருமியை ஒன்றும் செய்யவில்லை.

அதற்காகப் பிரிசர்வேட்டிவ் இல்லாத எல்லாமே ஆபத்து என்று பொருளல்ல. தண்ணீரே சேராத எண்ணெய், தைலம், வெண்ணெய்க் கட்டி, காய்ந்த நலங்கு மாவு, கடலை மாவு ஆகியவற்றில் கிருமி வளர ஈரம் கிடையாது. அவற்றுக்குப் பிரிசர்வேட்டிவ் தேவையில்லை. பாட்டி நலங்கு மாவைக் காயவைத்து டப்பாவில் போட்டு, குளிக்கும் நேரத்தில் மட்டும் தண்ணீரில் குழைத்ததில் கணக்கு இருந்தது. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஈரக் குளியலறையில் ஈர விரல் நுழையும் க்ரீம் டப்பாவைப் பற்றி மட்டும் ஏன் யோசிப்பதில்லை? கற்றாழை, பன்னீர், பால், தேன், தயிர் இதில் ஏதாவது ஒன்று இருந்து, ‘பிரிசர்வேட்டிவ் இல்லை’ என்றும் எழுதியிருந்தால், அதைத் தகுதியாக எண்ணாதீர்கள். விற்பவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

விளைவு முகப்பருவோடு நிற்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2006-இல் பார்சிலோனாவின் ஒரு மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நோயாளிகளுக்கு பர்க்ஹோல்டேரியா செபாசியா என்ற பாக்டீரியா தொற்றியது. தேடிப் பார்த்ததில் அது குடியிருந்த இடம் நோயாளிகளின் உடம்பில் தடவிய ஈரப்பத லோஷன். ஆரோக்கியமானவர் தப்பிவிடலாம். கைக்குழந்தை, எக்ஸிமா உள்ளவர், கீமோதெரபி எடுப்பவர், கண்ணில் லென்ஸ் போடுபவர் ஆகியோரிடம் இந்தச் சோதனை வேண்டாம். குழந்தைக்கும் கண்ணைச் சுற்றியும் போடும் பொருளில் கிராமுக்கு நூறு நுண்ணுயிர், மற்றவற்றில் ஆயிரம், சூடோமோனாஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ-கோலை, கேண்டிடா நான்கும் அறவே கூடாது என்பது சர்வதேச ஐ.எஸ்.ஓ. வரம்பு.

இனி சட்டம். வீட்டு அடுப்பில் காய்ச்சிய க்ரீமானாலும் சோப்பானாலும், விற்பதற்குச் செய்தால் அது 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்துக்குள் வரும். 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள்கள் விதிகளின்படி தயாரிப்பவருக்கு மாநில உரிமம் வேண்டும், அது சி.ஓ.எஸ்-8 என்ற படிவத்தில் கிடைக்கும். இன்னொருவரின் ஆலையில் செய்து வாங்கினால் சி.ஓ.எஸ்-9. விற்பதற்கு மட்டும் தனி உரிமம் தேவையில்லை. சந்தை மேசைகள் பெருகியது இதனால்தான். ஆனால் உரிமமில்லாமல் செய்த பொருளை விற்பதும் குற்றமே.

லேபிளில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தயாரிப்பு உரிம எண்ணும், தொகுதி எண்ணும், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். உரிம எண்ணுக்கு முன்னால் ‘எம்’ அல்லது ‘எம்.எல்.’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். ஜி.எஸ்.டி. எண்ணையோ, எம்.எஸ்.எம்.இ. பதிவு எண்ணையோ, உணவுக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணையோ காட்டி ‘லைசென்ஸ் இருக்கு’ என்பார்கள். அவற்றில் ஒன்றுகூட இந்த உரிமம் அல்ல. மறுபடியும் சொல்கிறேன், ஒன்றுகூட அல்ல. ஆயுர்வேத மருந்தாகச் செய்திருந்தால் உரிமம் ஆயுஷ் துறையுடையது. அந்த எண்ணும் லேபிளில் இருந்தாக வேண்டும்.

விதியில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைவான க்ரீமுக்கும் சேர்மானப் பட்டியல் கட்டாயமில்லை. முகத்தில் தடவும் விலை உயர்ந்த சீரம் எல்லாம் 30 மில்லி பாட்டிலில்தான் வருகிறது! யாருக்காக இந்த விலக்கு வைத்தார்கள் என்று எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும். பட்டியல் இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். ‘இந்தத் தொகுதிக்கு நுண்ணுயிர்ச் சோதனை அறிக்கை இருக்கிறதா, பிரிசர்வேட்டிவ் சவால் சோதனை செய்தீர்களா’ என்றும் சேர்த்துக் கேளுங்கள். கிருமியை வேண்டுமென்றே க்ரீமுக்குள் விட்டு, நாலு வாரம் வரை அது சாகிறதா என்று பார்க்கும் சோதனை இது. நேர்மையாகத் தொழில் செய்பவர் கோபப்பட மாட்டார்.

பாதிப்பு வந்துவிட்டால் செய்ய வேண்டியதைக் கவனமாகப் படியுங்கள். டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். கழுவாதீர்கள். மூடியை இறுக்கி, சுத்தமான ஜிப் கவரில் போட்டு, லேபிளை எல்லாப் பக்கமும் படமெடுங்கள். ஆனால் திறந்த டப்பா மட்டும் போதாது. ‘உங்கள் விரல் பட்டுக் கெட்டது’ என்று விற்றவர் ஒரே வரியில் முடித்துவிடுவார். அதே தொகுதி எண்ணில் சீல் உடையாத இன்னொரு டப்பாவை பில்லோடு வாங்கி வையுங்கள். கையில் காசு போனதே என்று இதைப் பலர் தவிர்க்கிறார்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது டப்பாவில்தான். யு.பி.ஐ. ரசீது பணம் போனதற்குத்தான் சாட்சி, எதற்குப் போனது என்பதற்கல்ல. பில் கேளுங்கள்.

தோல் மருத்துவரிடம் போகும்போது டப்பாவையும் கொண்டுபோங்கள். சீட்டில் பொருளின் பெயரையும் தொகுதி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். ‘க்ரீம் அலர்ஜி’ என்று மட்டும் எழுதிய சீட்டு எதற்கும் உதவாது. சீழ் இருந்தால் களிம்பு தொடங்குவதற்கு முன் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். முதுகில் ஒட்டி 48 மணி நேரத்தில் ஒருமுறை, பின்பு ஓரிரு நாளில் இன்னொருமுறை பார்ப்பார்கள். சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனைத் தோல் பிரிவின் சீட்டு, அரசு மருத்துவமனைச் சீட்டு என்பதால் வழக்கில் எடை கூடும்.

புகார் போக வேண்டிய இடம் பேலஸ் ரோட்டில், கார்ல்டன் ஹவுஸுக்கு எதிரே உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம். கர்நாடகத்தில் இப்போது உணவுப் பாதுகாப்பும் மருந்துக் கட்டுப்பாடும் ஒரே துறையாகிவிட்டன. பெயர்ப்பலகையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ பர்ப்பிள் லைனில் விதான சௌதா நிலையத்தில் இறங்கினால் ஆட்டோவில் சிறு தூரம்தான். கன்னடம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், மனுவை ஆங்கிலத்தில் எழுதலாம். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் உள்வரவு முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். ‘வெச்சுட்டுப் போங்க, பார்க்கறோம்’ என்பார்கள். முத்திரை இல்லாத மனு அந்த மேசையிலேயே பிறந்து அங்கேயே இறந்துவிடும்.

பலருக்குத் தெரியாத ஒரு உரிமை மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின் 26-ஆவது பிரிவில் இருக்கிறது. வாங்கிய அழகுப் பொருளை, கட்டணம் கட்டி, யார் வேண்டுமானாலும் அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்துக் கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். இன்ஸ்பெக்டர் மனது வைக்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மாநில மருந்துப் பரிசோதனைக் கூடமும் அதே பேலஸ் ரோட்டில்தான். விண்ணப்பத்தில் ‘சோதிக்கவும்’ என்று பொதுவாக எழுதாமல், மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கை, சூடோமோனாஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ், கேண்டிடா, பூஞ்சை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே இந்தச் சோதனைகள் அங்கே நடக்குமா, எத்தனை கிராம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 32-ஆவது பிரிவின்படி பாதிக்கப்பட்டவரே குற்ற வழக்குத் தொடுக்கவும் இடமுண்டு.

உரிமம் இருக்கிறதா என்பதே சந்தேகமென்றால் தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே பொருள், 150 சொல்லுக்குள். ‘இந்த முகவரியில் இந்தப் பெயருக்கு சி.ஓ.எஸ்-8 அல்லது சி.ஓ.எஸ்-9 உரிமம் வழங்கப்பட்டுள்ளதா? ஆம் எனில் நகல் தருக’ என்பதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். நீளமாக எழுதினால் அதையே சாக்காக்கித் திருப்பி அனுப்புவார்கள்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்துக் கடைகளைப் பார்ப்பதோடு சரி, க்ரீம் டப்பா அவர்களுக்கு விளையாட்டுச் சாமான் என்ற எண்ணம் எங்கும் உண்டு. செய்ய மனமிருந்தால் செய்யலாம் என்பதற்குக் கேரளம் சான்று. மலப்புரம் பக்கம் பாதரசம் கலந்த முகப்பூச்சு க்ரீம்களால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைக் கோட்டக்கல் மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன 2023-இல், அந்த மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடை கடையாக ஏறி உரிமமில்லாத அழகுப் பொருள்களைப் பறிமுதல் செய்தது. அங்கே இருப்பதும் இதே மத்திய சட்டம்தான்.

இழப்பீட்டுக்கு வழி வேறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே உண்டு. ‘நான் செய்யலை, ஒரு ஃப்ரெண்டு செஞ்சு கொடுத்தது’ என்று மேசைக்காரர் நழுவினால், தயாரித்தவர் யாரென்று தெரியாதபோது விற்றவரே பொறுப்பு என்று அதன் 86-ஆவது பிரிவு சொல்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, இ-ஜாக்ருதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். பெங்களூரு நகர மாவட்ட ஆணையம் சாந்திநகர் பஸ் நிலைய வளாகக் கட்டடத்தில் இருக்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. விற்றவர் எந்த ஊரானாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். சோதனை தேவை என்றால் ஆணையமே மாதிரியைச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். அனுப்புவதற்கு உங்களிடம் டப்பா இருக்க வேண்டும்! கெடு இரண்டு வருடம்.

கோவையிலோ ஈரோட்டிலோ செய்து கூரியரில் வந்த க்ரீம் என்றால், உரிமம் பற்றிய கேள்வி சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டு இயக்ககத்துக்குப் போக வேண்டும். பேலஸ் ரோட்டில் கொடுத்த மனுவின் முத்திரையிட்ட நகலையும் அதோடு இணையுங்கள்; இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டாமல் இருக்க அது உதவும்.