பேய் ஆடும் ஆட்டம்! பழையனூர் நீலி மேஜைக்கு வருகிறாள்

பேய்க் கதை கேட்காத பிள்ளை உண்டா? பாட்டி சொல்வாள். பேரப்பிள்ளைகள் போர்வைக்குள் இருந்து கேட்பார்கள். பயமாக இருக்கும். ஆனாலும், "அப்புறம் என்ன ஆச்சு பாட்டி?" என்று கேட்பதை நிறுத்த மாட்டார்கள்.

இப்போது ஒரு ஆட்டம் இருக்கிறது. அதில் பாட்டி பாதிக் கதையைத்தான் சொல்வாள். மீதிக் கதையைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும்!

"இருட்டு. சத்திரத்துக் கதவு தானாக அசைகிறது. நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்பார், கதை நடத்துபவர்.

"கதவைத் தள்ளுகிறேன்" என்கிறான் ஒருவன். "நான் வரமாட்டேன்" என்கிறாள் இன்னொருத்தி. யார் சொன்னது நடக்கும்? பகடையை உருட்டு! விழுகிற எண்ணைப் பொறுத்துக் கதை திரும்பும்.

நம் தாயக்கட்டைக்கு நாலு பக்கம். இந்த ஆட்டத்தின் பகடைக்கு இருபது பக்கம்.

ஆயிரம் பெட்டிகள்

ஆட்டத்தின் பெயர் "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்". அதாவது, நிலவறைகளும் பறக்கும் நாகங்களும். 1974-ம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் கொண்டு வந்தார்கள். முதலில் ஆயிரம் பெட்டிகள்தான். அவற்றையும் கைகாக்ஸ் வீட்டிலேயே உட்கார்ந்து அடுக்கினார்கள். 50 ஆண்டு கழித்து, 2024-ம் ஆண்டில், அமெரிக்க தபால் இலாகா இந்த ஆட்டத்துக்குத் தபால் தலை வெளியிட்டது!

ஆளுக்கு ஒரு வேடம். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். வேடம் என்றால் முகத்தில் அரிதாரம் பூச வேண்டாம். பேச்சில்தான் வேடம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து, "இது எந்த ஊர், வருவது எந்த ராஜா" என்று சொல்வான் அல்லவா? அந்த வேலையை இங்கே கதை நடத்துபவர் செய்கிறார். ராட்சதனும் அவர்தான், ராணியும் அவர்தான். ஒரே நாளில் கதை முடியாது. வாரம் ஒரு நாள், மாதக் கணக்கில் போகும்.

நம் ஊர் ராட்சதனை அவர்கள் விட்டு வைக்கவில்லை. 1977-ம் ஆண்டு வெளியான அவர்களுடைய பூதப் புத்தகத்திலேயே "ராட்சசன்" இடம் பிடித்துவிட்டான்.

"உனக்கு இங்கே என்ன வேலை?"

இந்த ஆட்டத்தில் பேய்க் கதை எப்படிப் புகுந்தது? அது ஒரு சுவையான சம்பவம்.

டிரேசி ஹிக்மன் என்பவர் ஒரு நாள் ஆடிக்கொண்டு இருந்தார். நிலவறையில் ஒரு கதவைத் திறந்ததும் ஒரு ரத்தக்காட்டேரி நின்றது. வெட்டினால் போதும், அடுத்த அறைக்குப் போகலாம். "இந்தக் காட்டேரிக்கு இங்கே என்ன வேலை? ஏன் இங்கே நிற்கிறது?" என்று யோசித்தார்.

அவரும் அவர் மனைவி லாராவும் சேர்ந்து அந்தக் காட்டேரிக்கு ஒரு வாழ்க்கை எழுதினார்கள். அவன் பெயர் ஸ்ட்ராட். ஒரு பிரபு. தம்பி மணக்க இருந்த பெண் மீது ஆசை வைத்தான். தம்பியைக் கொன்றான். அந்தப் பெண்ணோ உயிரை விட்டாள். அவன் மட்டும் சாகாமல் கோட்டையில் கிடக்கிறான். இந்தக் கதை 1983-ம் ஆண்டு "ரேவன்லாப்ட்" என்ற பெயரில் வெளிவந்தது. 2016-ம் ஆண்டு பெரிய புத்தகமாகத் திரும்பவும் வந்தது.

இதில் ஒரு தந்திரம் உண்டு. ஆட்டத் தொடக்கத்தில் சீட்டுகளைக் குலுக்கி எடுப்பார்கள். காட்டேரி எங்கே ஒளிந்து இருக்கிறான், அவனை வெல்லும் வாள் எங்கே கிடக்கிறது என்பதைச் சீட்டுதான் முடிவு செய்யும். அதனால், ஒரு முறை ஆடியவனும் மறுமுறை பயப்பட வேண்டியதுதான்!

அவர்களுக்கு ஸ்ட்ராட் என்றால், நமக்கு யார்? வெகு தூரம் போக வேண்டாம். அம்பத்தூரிலோ ஆவடியிலோ அரக்கோணம் போகும் ரெயிலில் ஏறினால், திருவள்ளூரைத் தாண்டித் திருவாலங்காடு வரும். பக்கத்து ஊர் பழையனூர். நீலியின் ஊர்!

நீலிக் கண்ணீர்

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்கிறோம்.

போன பிறவியில் ஒருவன் தன் மனைவியைக் கொன்றுவிட்டான். இந்தப் பிறவியில் அவன் ஒரு வணிகன். அவளோ பேய். பழி வாங்கக் காத்து இருக்கிறாள். அவனிடம் ஒரு மந்திரக் கத்தி இருந்தது. அது இருக்கும் வரை அவள் நெருங்க முடியாது.

அவன் பழையனூருக்கு வந்தான். நீலி அவன் மனைவி போல் வேடம் போட்டாள். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தை ஆக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேர் முன்னால் நின்று, "என் கணவர் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்று அழுதாள். "இவள் பேய்! என்னை விடுங்கள்" என்று வணிகன் கதறினான். குழந்தையை இறக்கி விட்டார்கள். அது "அப்பா" என்று அவனிடம் போனது!

வேறு என்ன சாட்சி வேண்டும்? "கத்தியைக் கொடுத்துவிட்டு மனைவியோடு இரு. உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு" என்று எழுபது வேளாளர்களும் வாக்குக் கொடுத்தார்கள். காலையில் பார்த்தால் வணிகன் பிணம். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீ மூட்டி அதில் இறங்கினார்கள்.

பேய் வந்து போனதை நாம் மறந்துவிடலாம். நல்லவர்கள் எழுபது பேர், நியாயம் என்று நினைத்து ஒருவனைச் சாகக் கொடுத்தார்களே, அதைத்தான் மறக்க முடியவில்லை.

எழுபது பேரில் நீங்கள் ஒருவர்

இதை ஆட்டமாக நடத்துவது எப்படி? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து வந்த நாலு நண்பர்கள், ஒரு மொட்டை மாடியில் உட்கார்ந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

வழக்கமான ஆட்டத்தில் எல்லோரும் வாள் ஏந்திய வீரர்கள். பேயைக் கண்டால் வெட்டுவார்கள். அங்கே பயத்துக்கு இடம் ஏது? ஆகவே, இந்தக் கதையில் அவர்களுக்கு வாள் கிடையாது. எழுபது பெரியவர்களில் நாலு பேர் அவர்கள். ஒருவர் மருத்துவர், ஒருவர் ஏர் உழுபவர், ஒருவர் கணக்கு எழுதுபவர், ஒருவர் காளி கோவிலுக்கு விளக்கு வைப்பவர்.

பேயை உடனே காட்டக் கூடாது. இதுதான் முதல் விதி. காட்டினால், "ஓ, இவ்வளவுதானா!" என்று ஆகிவிடும். முதல் வாரம் ஒரு மாடு கிணற்றடிக்குப் போக மறுக்கட்டும். இரண்டாம் வாரம், விளக்கு வைப்பவர் ஏற்றிய ஐந்து விளக்கில் ஒன்று அணைந்து இருக்கட்டும். காற்று இல்லை. எண்ணெயும் இருக்கிறது. யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். ஆட்டக்காரர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

நடுவில் சிரிக்கவும் வைக்க வேண்டும். மூன்று மணி நேரமும் அலறல் என்றால் காது மரத்துப் போகும். ஊரில் ஒரு வாயாடிக் கிழவி, ஒரு சாப்பாட்டு ராமன் இருக்கட்டும். சிரித்து முடித்த பிறகு கதவு தட்டப்பட்டால், அந்தத் தட்டலுக்கு இரண்டு மடங்கு பலம்.

"நீலி கதை எல்லோருக்கும் தெரியுமே! அழுகிற பெண்தான் பேய் என்று உடனே சொல்லிவிடுவார்களே!" என்று நீங்கள் கேட்பீர்கள். சரியான கேள்வி. இங்கேதான் ஹிக்மன் தம்பதியின் சீட்டு உதவுகிறது.

கதை நடத்துபவர் முன்கூட்டியே இரண்டு சீட்டு எழுத வேண்டும். ஒன்றில் "பேய்". மற்றதில் "மனைவி". ஒன்றைக் கண்ணை மூடி எடுத்து, யாருக்கும் காட்டாமல் மடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பாருங்கள்! அந்தப் பெண் உண்மையான மனைவியாகவும் இருக்கலாம். வணிகன் அவளை உதறிவிட்டு ஓடும் அயோக்கியனாகவும் இருக்கலாம். பெண் அழுதாலே "நீலிக் கண்ணீர்" என்று சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு. எத்தனை வீட்டில், எத்தனை பெண்களின் உண்மைக் கண்ணீரை அந்த ஒரு வார்த்தையால் துடைத்து எறிந்து இருக்கிறோம்! மொட்டை மாடி நண்பர்கள் பேய் என்று முடிவு செய்தால், கைக்குழந்தைக்காரியை நடுராத்திரியில் ஊருக்கு வெளியே துரத்த வேண்டும். மனைவி என்று முடிவு செய்தால், கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு ஒருவனைக் கதவுக்குள் அனுப்ப வேண்டும். எது சரி? பகடை பதில் சொல்லாது. கத்தி சோதனையில் ஏமாற்றம் இருக்கிறதா, குழந்தையின் உடம்பு குளிர்ந்து இருக்கிறதா என்று ஒரு சிறு துப்பு வேண்டுமானால் கிடைக்கும்.

ராத்திரி கதவு சாத்தப்படும். காலையில் சீட்டைப் பிரிக்கலாம்.

இன்னொரு முடிவும் நம்மிடம் இருக்கிறது. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியில், ஒரு சமண முனிவரைப் பயமுறுத்தப் பழையனூர் நீலியை அனுப்புகிறார்கள். அவள் எத்தனையோ மாயம் காட்டுகிறாள். முனிவர் அசையவில்லை. கடைசியில் அவள் அவருக்கே சீடர் ஆகி, ஊர் ஊராகப் போய்த் தர்க்கம் செய்கிறாள்! எனவே, ஆட்டக்காரர்களில் ஒருவர் கதவைத் திறந்து, "உனக்கு என்ன குறை? சொல்" என்று பேயிடம் கேட்டால், கதை நடத்துபவர் திகைக்கக் கூடாது. அதற்கும் வழி விட வேண்டும்.

பயத்துக்கு வேலி

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 1980-களில் அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்கு எதிராகப் பெரிய கூச்சல் எழுந்தது. "இது பிசாசு வழிபாடு, பிள்ளைகள் தற்கொலை செய்துகொள்கிறார்கள்" என்றார்கள். 1989-ம் ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில், பிசாசு என்ற பெயரையே கம்பெனி எடுத்துவிட்டது. பிறகு ஆராய்ந்து பார்த்தவர்கள், ஆட்டத்துக்கும் சாவுக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டுபிடிக்கவில்லை. பிசாசும் பின்னால் திரும்பி வந்துவிட்டது!

அதற்காகப் பயத்தோடு விளையாடுவது லேசான காரியமும் அல்ல. சமீபத்தில் தாயை இழந்தவன் மேஜையில் இருக்கலாம். பிரசவத்தில் குழந்தையைப் பறிகொடுத்தவள் இருக்கலாம். அவளிடம் போய்க் கள்ளிக்கொம்புக் குழந்தையைக் காட்டலாமா? ஆகவே, முதல் நாள் ஆடவே கூடாது. காப்பி குடித்துக்கொண்டு பேச வேண்டும். "எது வரக்கூடாது? எது வந்தாலும் விவரிக்காமல் தாண்ட வேண்டும்?" என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

மேஜை நடுவில் ஓர் அட்டையில் பெருக்கல் குறி போட்டு வைப்பதும் உண்டு. 2013-ம் ஆண்டு ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் சொன்ன யோசனை இது. யாருக்காவது தாங்க முடியவில்லை என்றால் அட்டையைத் தொட்டால் போதும். அந்தக் காட்சி அத்துடன் சரி. "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்கிறவனை அடுத்த வாரம் கூப்பிட வேண்டாம்.

1981-ம் ஆண்டு வந்த இன்னொரு ஆட்டத்தில், பயங்கரத்தைப் பார்க்கப் பார்க்க வேடத்தின் புத்தித் தெளிவுக்கு மார்க் குறையும். மார்க் தீர்ந்தால் பைத்தியம்! கணக்கு சுவாரசியமானதுதான். ஆனால் மன நோயை வேடிக்கை ஆக்குவது நமக்குப் பிடிக்கவில்லை. கை நடுக்கம், தூக்கம் கெடுதல் என்று வைத்துக்கொண்டால் போதாதா?

சிறு பிள்ளைகளை நீலி கதையில் சேர்க்க வேண்டாம். அவர்களுக்கு விக்கிரமாதித்தனின் வேதாளம் இருக்கிறது. அது கேள்விதான் கேட்கும், கடிக்காது.

செலவு எவ்வளவு?

அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பென்சில், காகிதம் போதும். இருபது பக்கப் பகடை கிடைக்காவிட்டால், ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதிச் சொம்பில் போட்டு எடுங்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம் வீதம், ஆறேழு ஞாயிற்றுக்கிழமைகளில் நீலியை முடித்துவிடலாம்.

ஒவ்வொரு நாளும் ஆட்டம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா பேசிக்கொண்டு இருங்கள். கடைசி பஸ் பூந்தமல்லிக்கு எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நீலியோடு அத்தனை நேரம் இருந்தவன், தனியாக ஏரிக்கரை ஓரம் நடந்து போகச் சம்மதிக்க மாட்டான்!