பிசியோதெரபி மாணவர்களே... சட்டம் மாற யாரிடம் மனு கொடுக்கணும் தெரியுமா?

செங்கல்பட்டு,

மாமல்லபுரத்தில் நாள் முழுக்க உளி பிடிக்கிற சிற்பிக்கு தோள்பட்டை வலி. கோவளத்தில் வலை இழுக்கிற மீனவருக்கு இடுப்பு வலி. கிழக்கு கடற்கரை சாலையில் பைக்கில் இருந்து விழுந்தவருக்கு மாவுக்கட்டு பிரித்த பிறகும் முட்டி மடங்கவில்லை. இவர்களை மறுபடி வேலைக்கு அனுப்பி வைப்பது பிசியோதெரபி.

நம்ம மாவட்டத்தில் காட்டாங்கொளத்தூர், கேளம்பாக்கம் கல்லூரிகளில் மாணவ-மாணவிகள் இந்த படிப்பை படிக்கிறார்கள். எந்த தசை எந்த எலும்பில் ஒட்டுகிறது என்று தூக்கத்தில் எழுப்பி கேட்டாலும் சொல்வார்கள். உங்க தொழிலுக்கு சட்டம் எது, அதை யார் போட்டது என்று கேட்டுப்பாருங்கள், பலபேர் முழிப்பார்கள்.

அந்த சட்டம் வந்த கதை பெரிய இழுபறி. 2007-ம் ஆண்டு பாராளுமன்றத்தில் பாராமெடிக்கல் மற்றும் பிசியோதெரபி மத்திய கவுன்சில் மசோதா வந்தது. நிலைக்குழுவுக்கு போனது, 2008-ல் அறிக்கையும் வந்தது. 2009-ல் சபையின் ஆயுள் முடிந்ததும் மசோதாவும் காலாவதி ஆகிவிட்டது. அடுத்த மசோதா மேல்-சபைக்கு வந்தது 2018 டிசம்பர் 31-ந்தேதி. அதுவும் நிலைக்குழு, திருத்தம் என்று சுற்றி, 2020-ல் புது மசோதாவாகி, 2021 மார்ச் மாதம்தான் இரண்டு சபையிலும் நிறைவேறியது. டெல்லி 1997-லும், மராட்டியம் 2002-லும் தனியாக சட்டம் போட்டுக்கொண்டது வேற விஷயம்.

இந்த 2021 சட்டத்தில் நோயாளிக்கு முக்கியமான வரி ஒன்று இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் தனியாகவும் தொழில் செய்யலாம், மற்ற மருத்துவ குழுவோடு சேர்ந்தும் செய்யலாம், குறைந்தபட்சம் பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும் என்கிறது. நாலு மாசம் எங்கேயோ வேலை பார்த்துவிட்டு போர்டு மாட்டுகிறவரிடம் முதுகை கொடுத்து அவதிப்பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, சட்டம் வந்தாச்சு, வேலை முடிந்ததா என்றால் இல்லை. மாநில கவுன்சில்களை அமைக்காமல் பல மாநிலங்கள் இழுத்தடித்ததால், வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2024 ஆகஸ்டில், 2 மாதத்துக்குள் சட்டத்தை நடைமுறைக்கு கொண்டு வரும்படி மத்திய, மாநில அரசுகளுக்கு கோர்ட்டு உத்தரவு போட்டது. 2025-ல் இன்னொரு கூத்து. பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடக்கூடாது என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குனரகம் செப்டம்பர் 9-ந்தேதி கடிதம் அனுப்பியது. மறுநாளே வாபஸ்! ஒரு கடிதம் ஒரே நாளில் புரளும்போது, சம்பந்தப்பட்டவன் சும்மா இருந்தால் எப்படி?

நம்ம ஊரில் எதற்கெடுத்தாலும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஓடுவது பழக்கம். பட்டா, முதியோர் பென்சன் என்றால் சரி. சட்டத்தை கலெக்டர் மாற்ற முடியாது.

இங்கேதான் கொஞ்சம் கவனம் வேணும். மருத்துவ தொழில் என்பது அரசியல் சட்டத்தில் பொதுப்பட்டியலில் வருகிறது. ஆஸ்பத்திரியும் பொது சுகாதாரமும் மாநில பட்டியல். அதனால் பதிவு, படிப்பு, தொழில் உரிமை பற்றிய 2021 சட்டத்தில் திருத்தம் வேணும்னா டெல்லிக்கு, அதாவது எம்.பி.க்கு போகணும். செங்கல்பட்டு, திருப்போரூர் இரண்டும் காஞ்சீபுரம் எம்.பி. தொகுதி. அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் பணியிடம், சம்பளம் என்றால் கோட்டைக்கு, அதாவது எம்.எல்.ஏ.வுக்கு. மாமல்லபுரத்துக்காரர்களுக்கு திருப்போரூர் எம்.எல்.ஏ. 2021 ஆகஸ்டு 5-ந்தேதி மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் சேர்ந்தது. அது மாநில அரசு முடிவு.

மசோதா நிலைக்குழுவில் இருக்கும்போது பொதுமக்கள் கருத்து கேட்டு விளம்பரம் வரும். மாணவனும் எழுதலாம், யாரும் தடுக்க முடியாது. மத்திய அரசு சட்ட வரைவை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற நடைமுறையும் 2014-ல் வந்தது. அந்த 30 நாளில் செமஸ்டர் பரீட்சை இருந்தால் கஷ்டம்தான்!

அமெரிக்காவில் மாணவர்கள் வருஷாவருஷம் எம்.பி.க்களுக்கு கூட்டமாக கடிதம் போடுகிறார்கள். அங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் நேரடியாக பிசியோதெரபிஸ்டை பார்க்கும் உரிமை 1957-ல் நெப்ராஸ்கா மாநிலத்தில் தொடங்கி, ஏதாவது ஒரு அளவில் 50 மாநிலத்துக்கும் வந்து சேர 2015 ஆனது. அவர்களுக்கும் மாநிலம் மாநிலமாகத்தான் கிடைத்தது.

மனு ஒரு பக்கம் போதும். கோரிக்கை ஒன்றே ஒன்று இருக்கட்டும், பத்து கேட்டால் பத்தும் போய்விடும். எந்த சட்டம், எந்த பிரிவு என்று எழுதணும். பெயர் போடாமல், நீங்கள் வார்டில் பார்த்த ஒரு நோயாளியின் கஷ்டத்தை நாலு வரியில் சொல்லணும். எம்.பி. அதை கேள்வி நேரத்தில் கேட்கும்படி, ஒரு கேள்வியாகவே எழுதிக்கொடுத்தால் இன்னும் நல்லது. எம்.எல்.ஏ. என்றால் சட்டசபையில் சுகாதாரத்துறை மானிய கோரிக்கை வருவதற்கு முன்னாடியே கொடுத்துவிட வேண்டும், முடிந்த பிறகு கொடுத்தால் அடுத்த வருஷம்தான். நகலில் ஆபீஸ் சீலும் தேதியும் வாங்க மறக்காதீங்க.