அயல்நாட்டுப் பொலிகாளையின் எண்ணும் நம் மலைக் கொட்டிலும்

கரடியூரில் அங்கத்தினர் ஒருவர் இன்று தம் பசுவுக்குச் சினை ஊசி போடுவிக்கிறார் எனக் கொள்வோம். கன்று பிறக்க ஒன்பது மாதங்களுக்கு மேலாகும். அது கிடேரியாய் வளர்ந்து, தானும் ஈன்று கறவைக்கு வர இன்னும் இரண்டரை, மூன்று ஆண்டுகள் செல்லும். காளையைத் தேர்ந்ததில் பிழை இருப்பின் அன்றுதான் அது வெளிப்படும். அதுவரை இட்ட தீவனத்தை எவரும் திருப்பித் தரப் போவதில்லை. ஆகையால் காளையின் பெயருக்கெதிரே அச்சிடப்பெறும் எண்ணின் பொருளை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

காளை கறப்பதில்லை, அதற்குப் பிறந்த பசுக்கள் கறக்கும் பாலைக் கொண்டே அதன் தகுதி கணிக்கப்பெறுகிறது. அவ்வெண் அந்த நாட்டின் ஏனைய பசுக்களோடு ஒப்பிட்டுச் சொல்வதேயன்றி, படிக்கல் போல எங்கும் ஒரே நிறையாய் நிற்பதன்று. உதாரணமாக, கானடாக் காளை ஒன்றுக்கு 1,000 கிலோ என்றும், அமெரிக்கக் காளை ஒன்றுக்கு 1,000 பவுண்டு என்றும் குறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பவுண்டைக் கிலோவாக்கினால் 454 தான்; கானடாக் காளை இருமடங்கு உயர்ந்ததென்று தோன்றும். ஆனால் கானடா காளையின் முழுத் தகுதியை எழுதுகிறது. அமெரிக்காவோ கன்றுக்குச் சேரும் பாதியை மட்டும் எழுதுகிறது. கானடா எண்ணைப் பாதியாக்கினால் 500. இருமடங்கு எங்கே போயிற்று! இதுவும் முடிந்த கணக்கன்று. ஒப்பிடுதற்குரிய அடிப்படைப் பசுக்கள் நாட்டுக்கு நாடு வேறு. 2025 ஏப்ரலில் அமெரிக்கா, 2015இல் பிறந்த பசுக்களை விடுத்து 2020இல் பிறந்தவற்றை அடிப்படையாக்கியது. காளைகள் மாறவில்லை, எண்கள் மாறின.

இச்சிக்கலைத் தீர்க்கவே 1983இல் இன்டர்புல் என்னும் சர்வதேச அமைப்புத் தோன்றியது. அதன் நிலையம் ஸ்வீடன் நாட்டு உப்சாலாவில் உள்ளது. ஒரே காளையின் உறைவிந்து பல நாடுகளில் பயன்பட்டிருப்பின், அங்கங்கே பிறந்த பசுக்களும் அவற்றின் உறவினங்களும் நாடுகளை இணைக்கும் பாலமாகின்றன. அப்பாலத்தின் வழியே ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி வரிசை வகுக்கப்பெறுகிறது. ஏன் ஒரே வரிசை போதாது? கொட்டிலில் தானியமுண்டு வளரும் நாட்டில் முதலிடம் பெற்ற காளை, மேய்ச்சலையே நம்பும் நியூசிலாந்தில் பின்தங்கலாம். அடிப்படையை ஒன்றாக்கிப் பார்க்கும் நேர்மையான முறையும் ஒன்றுண்டு. 1974இல் தொடங்கிப் போலந்து நாட்டில், ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு, பத்து நாடுகளின் கறுப்பு-வெள்ளைக் காளைகளின் விந்தை அந்நாட்டுப் பசுக்களுக்கே இட்டு, பிறந்தவற்றை ஒரே நிலையில் வளர்த்து ஒப்பிட்டனர்.

நமது மலைக்கு வருவோம். சமவெளிக்கு ஜெர்ஸி, குளிர்ந்த மலைப்பகுதிக்குப் பிரீசியன் என்பது தமிழ்நாட்டில் கலப்பினப் பெருக்கத்திற்கு வகுத்த முறை. சேர்வராயனின் குளிர்ச்சி பிரீசியனுக்கு ஏற்றதே. ஆனால் குளிர்ச்சி தீவனமாகாது. கோடையில் புல் காய்ந்தால் வைக்கோலையும் புண்ணாக்கையும் சேலத்திலிருந்து கொண்டையூசி வளைவுகளின் வழியே ஏற்றி வர வேண்டும். பெரும் பாலுக்கெனத் தேர்ந்த காளையின் கன்று, அரை வயிற்றுத் தீவனத்தில் கறவையும் குறைந்து சினையும் பிடியாது நிற்கக்கூடும். பாலின் விலை கொழுப்பையும் இதர சத்துக்களையும் பொறுத்ததாகையால், லிட்டரை மட்டும் நோக்குவதும் பிழை.

ஊசி போட வருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இவ்வெண் எந்நாட்டு அளவு? எத்தனை பசுக்களைக் கொண்டு கணித்தது? நம் மாநிலத்தில் இக்காளைக்குப் பிறந்தவை கறக்கின்றனவா? விடை கிடைப்பினும் கிடையாவிடினும், பன்னிரண்டு இலக்கக் காதுவில்லை எண்ணோடு காளையின் எண்ணையும் சேர்த்து எழுதி வையுங்கள். காலை மாலைக் கறவையையும் மாதம் ஒருமுறையேனும் அளந்து குறியுங்கள். ஒரு பசுவைக் கண்டு காளையைப் புகழவோ இகழவோ கூடாது. ஒரே பருவத்தில் ஈன்ற பத்துப் பதினைந்து பசுக்களின் குறிப்பாவது சேர்ந்தால்தான் அடுத்த காளையைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேச இடமுண்டாகும்.